ஸ்லீவா, பைபாஸா, ஊசியா? கிலோ கணக்கைக் கடைசியில் வையுங்கள்

ஆறு வருடத்துக்கு முன் 118 கிலோவோடு போய், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவன் நான். அடுத்த வருடமே என் சித்தி சுகருக்காக பைபாஸ் (இதயத்தில் அல்ல, இரைப்பையில்) செய்துகொண்டார். ஒரே குடும்பத்தில் இரண்டும் நடந்துவிட்டதால், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதில்லை: "எதில் அதிகம் குறையும்?"

அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை வைத்து முடிவெடுக்க முடியாது. பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஸ்லீவ், மீதிப் பேருக்கு பைபாஸ் செய்து, பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஐந்தாம் வருட முடிவில், ஸ்லீவ் செய்தவர்கள் தங்கள் 'கூடுதல் எடையில்' 49 சதவீதம் இழந்திருந்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் 57 சதவீதம். சதவீதமாகச் சொன்னால் பெரிதாகத் தெரியும். கிலோவாக மாற்றிப் பாருங்கள். 160 செ.மீ. உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் அளவுகோல்) 25 என்பது 64 கிலோ. அதற்கு மேல் இருக்கும் 46 கிலோதான் கூடுதல் எடை. அதில் 49 சதவீதம் இருபத்திரண்டரை கிலோ, 57 சதவீதம் 26 கிலோ. வித்தியாசம் மூன்றரை கிலோ. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் நம்மில் பலர் ஏற்றிக்கொள்கிற எடை அது.

இந்த மூன்றரை கிலோவைப் பார்த்து ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால், அதோடு ஒட்டிக்கொண்டு வருவது என்ன என்பது பிறகுதான் தெரியவரும். எனக்கு ஒட்டிக்கொண்டு வந்தது நெஞ்செரிச்சல்.

நான் மருத்துவன் இல்லை. ஸ்லீவ், பைபாஸ், அதன் ஒரே இணைப்புள்ள வகையான மினி பைபாஸ், எடை குறைய வாரம் ஒரு முறை போடும் ஊசி, இந்த நான்கையும் பற்றிக் கீழே உள்ளது மருத்துவரிடம் போகும்முன் யோசித்துக்கொண்டு போவதற்கு.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

முதலில் நெஞ்செரிச்சல். இப்போதே இருக்கிறதா, எண்டோஸ்கோபியில் (வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) உணவுக்குழாய் எப்படி இருக்கிறது? அடுத்தது சுகர். எத்தனை வருடமாக, மாத்திரையா இன்சுலினா?

மூன்றாவது, ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை போடுகிற ஆளா நீங்கள்? "போட்டுவிடுவேன்" என்று உடனே சொல்லாதீர்கள். போன மாதம் பி.பி. மாத்திரையை எத்தனை நாள் மறந்தீர்கள் என்று எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். நான்காவது, முழங்காலுக்கோ முதுகுக்கோ வலி மாத்திரை இல்லாமல் இருக்க முடியுமா? புகைப் பழக்கம் உண்டா? ஐந்தாவது பணம், ஆபரேஷன் பில் மட்டுமல்ல, அடுத்த ஐந்து வருடச் செலவும். மீண்டு எழும் நாட்களும் குறையும் கிலோவும் இதற்கெல்லாம் பிறகு.

| | ஸ்லீவ் | பைபாஸ் | மினி பைபாஸ் | வார ஊசி |
|---|---|---|---|---|
| என்ன செய்கிறார்கள் | இரைப்பையில் 75–80% வெட்டி எடுத்து, குழாய் போல் ஆக்குவது | சுமார் 30 மி.லி. பை, குடலில் இரண்டு இணைப்பு | நீளமான பை, ஒரே இணைப்பு | வெட்டு இல்லை |
| 1–2 வருடத்தில் மொத்த எடையில் குறைவது | சுமார் 25% | சுமார் 30% | ஏறக்குறைய பைபாஸ் அளவு | சுமார் 15–20% |
| நெஞ்செரிச்சல் | கூடலாம், புதிதாகவும் வரலாம் | பெரும்பாலும் குறையும் | பித்தநீர் மேலேறலாம் | குமட்டல்தான் முக்கியத் தொல்லை |
| சுகர் | நன்றாகக் குறையும் | இன்னும் நன்றாக | இன்னும் நன்றாக | போடும்வரை நன்றாக |
| சத்துக் குறைபாடு | உண்டு | அதிகம் | அதைவிட அதிகம் | குறைவு. தசை கரையலாம் |
| பழைய நிலைக்குத் திரும்ப | முடியாது | முடியும், சுலபமில்லை | முடியும், சுலபமில்லை | நிறுத்தினால் போதும். எடையும் திரும்பும் |

## முதல் ஆறு வாரம்: எல்லா ஆபரேஷனுக்கும் ஒரே பாடுதான்

மீண்டு எழுவதில் ஸ்லீவ் சுலபம், பைபாஸ் கஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வீட்டில் அப்படித் தெரியவில்லை. இரண்டுமே லேப்ராஸ்கோபிதான், வயிற்றில் நான்கைந்து சின்னத் துளைகள். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்த உணவு. கொழுப்பேறிய ஈரல் இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும், அதைச் சுருக்கத்தான் அது. ஆபரேஷன் அன்று மாலையே எழுப்பி நடக்க விடுவார்கள், காலில் ரத்தம் உறையக் கூடாது என்று. இரண்டு மூன்று நாளில் வீடு.

வீட்டுக்கு வந்தபின்தான் சோதனை. என்னிடம் 30 மி.லி. பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கொடுத்தார்கள். இருமல் மருந்து பாட்டிலின் 10 மி.லி. மூடியில் மூன்று மூடி. கால் மணி நேரத்துக்கு ஒரு கப், அதையும் நாக்கில் நனைக்கிற மாதிரி. 150 மி.லி. டம்ளர் மோரைக் காலி செய்ய ஒன்றேகால் மணி நேரம். அது முடிவதற்குள் பருப்புத் தண்ணீர் நேரம் வந்துவிடும். இரண்டு வாரம் நீர் ஆகாரம், அப்புறம் இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் இரண்டு வாரம் மிருதுவானது. நம் வீடுகளில் நடக்கும் தப்பு மூன்றாம் வாரம்: "பாவம், ஒரு இட்லியாவது சாப்பிடட்டும்." ஒரு இட்லியில் புரதம் இரண்டு கிராம்தான், ஒரு முட்டையில் ஆறு. நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இட்லியால் வயிறு நிறைந்துவிட்டால் முட்டைக்கு இடம் ஏது?

அலுவலகத்துக்கு இரண்டு மூன்று வாரத்தில் போய்விடலாம். கேஸ் சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணீர் கேன் பக்கம் மட்டும் ஒன்றரை மாதம் போகக் கூடாது.

மூன்றாம் வாரம் எடை நின்றுவிடும். எனக்கு 109.4இல் பத்து நாள் நின்றது. ஒரு நாளைக்கு மூன்று முறை ஏறிப் பார்த்தேன், தராசின் பேட்டரியைக்கூட மாற்றினேன். முதலில் போனதில் பெரும்பகுதி தண்ணீரும் உடலில் சேமித்திருந்த மாவுச்சத்தும்; பிறகு உடம்பு தண்ணீரைக் கொஞ்சம் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. ஏறக்குறைய எல்லாருக்கும் வருவதுதான் இது. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் சேரும் என்பதால், பலருக்கும் முதல் ஆறு மாதம் அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். சுகர், பி.பி. மாத்திரைகளின் அளவை ஆபரேஷன் முடிந்த கையோடு மருத்துவர் திருத்தித் தர வேண்டும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சுகர் தாழ்ந்து மயங்கி விழலாம்.

பயப்பட வேண்டியது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, தையலில் கசிவு. நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, இடது தோளில் வலி. "வாயுப் பிடிப்பு, ஓமத் தண்ணீர் குடி" என்று யார் சொன்னாலும் கேட்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே கிளம்புங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கசிவு வரலாம். மற்றது, நாள்கணக்கில் நிற்காத வாந்தி. பி1 சத்து தீர்ந்துபோய்ப் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிப்பு இன்னும் மோசமாகும். முதலில் தயமின் (அதே பி1) ஊசி போட வேண்டும். எனக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

## ஸ்லீவ்

இரைப்பையின் பெரும்பகுதியை ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ அளவில் ஒரு குழாயை விட்டுவைக்கிறார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோனில் பெரும்பங்கு அந்த வெட்டப்படும் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. முதல் ஆறு மாதம் பசி என்பதையே மறந்திருந்தேன். குடலைத் தொடுவதில்லை என்பதால் சத்துக் குறைபாடும் பைபாஸைவிடக் குறைவு. ஆபரேஷன் நேரமும் குறைவு. உலகத்தில் இன்று அதிகம் செய்யப்படுவது இதுதான்.

எடை? பதினான்காம் மாதம் 84 கிலோ. இன்று காலை 91. முதல் ஆறு மாதத்தில்தான் வேகம். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் அடிமட்டம். அதன்பின் மெதுவாகக் கொஞ்சம் ஏறும். பின்லாந்து கணக்கிலும் பத்தாம் வருடம் ஸ்லீவ் 43.5 சதவீதத்துக்கும் பைபாஸ் 50.7க்கும் இறங்கியிருந்தன. ஏறுவது இரண்டிலும் உண்டு. "அந்த ஆபரேஷனில் ஏறவே ஏறாது" என்று சொல்பவர் எதையோ விற்கிறார்.

மறைந்திருக்கும் விலை நெஞ்செரிச்சல். அகலமான பை இறுக்கமான குழாயாகும்போது உள்ளே அழுத்தம் கூடுகிறது, அமிலம் மேல் பக்கம் வழி தேடுகிறது. பின்லாந்தில் பத்து வருடம் கழித்து எண்டோஸ்கோபி செய்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு உணவுக்குழாயில் புண் இருந்தது. பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதத்தினருக்கு. எனக்கு ஆபரேஷனுக்கு முன்பே பரோட்டா சாப்பிட்ட ராத்திரிகளில் எரியும். நான் போன மருத்துவமனையில் அதை யாரும் கேட்கவில்லை, எண்டோஸ்கோபியும் செய்யவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. இப்போது பதினொரு மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்குத் தொண்டையில் புளிப்போடு எழுகிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு செங்கல். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை.

## பைபாஸ்

ரூ-என்-ஒய் என்பார்கள். இரைப்பையின் மேல்முனையில் முட்டை அளவுக்கும் குறைவான ஒரு பையைப் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டிய இடத்தோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பை வெட்டி எறியப்படுவதில்லை, உள்ளேயே சும்மா கிடக்கும். அமிலம் சுரப்பது பெரும்பாலும் அந்தச் சும்மா கிடக்கும் பகுதியில் என்பதால், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதுவே வைத்தியமாகவும் ஆகிறது.

சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலை எட்டுவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. சுகர் இறங்க அது ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் சுகர் உள்ள 150 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஐந்து வருடம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், இரண்டு ஆபரேஷன்களுக்கும் நடுவில் உள்ளது சின்னதுதான். சுகர் வந்து சில வருடங்களே ஆகி, இன்சுலினுக்குப் போகாதவர்களுக்குப் பலன் அதிகம். சித்திக்கு ஆறு வருட சுகர், இன்சுலின் வேறு. மருத்துவமனையிலிருந்து வரும்போதே இன்சுலின் பாதியானது, மூன்றாம் மாதம் நின்றது. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை ஒன்று மட்டும் இன்னும் தொடர்கிறது. 'சுகர் குணமாகிவிட்டது' என்று அவர் சொல்வதில்லை, 'ஒதுங்கி நிற்கிறது' என்பார்.

இதன் மறைவிலைப் பட்டியல் நீளம். இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் வெளியிலிருந்து வர வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 ஏற்கெனவே தகராறு. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. இணைப்பில் புண் வரும். புகை பிடித்தாலும் அதே புண். முழங்கால் வலிக்காக வருடக்கணக்கில் அந்த மாத்திரைகளை விழுங்கியவர்கள்தான் பெரும்பாலும் இந்த ஆபரேஷனுக்கு வருகிறார்கள் என்பதை யோசியுங்கள். மது சட்டென்று ரத்தத்தில் ஏறும், பழக்கமாக மாறும் அபாயமும் கூடும். வருடங்கள் கழித்துக் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டபின் விட்டுவிட்டு வரும் வயிற்று வலியை அலட்சியம் செய்யக் கூடாது. பித்தநாளத்தில் கல் வந்தால் வழக்கமான எண்டோஸ்கோபி அங்கே போய்ச் சேராது.

அப்புறம் டம்பிங், அதாவது இனிப்பு சட்டென்று குடலுக்குள் இறங்குவதால் வரும் படபடப்பும் தளர்ச்சியும். ஒரு கல்யாணத்தில் சித்தி, "ஒரு கரண்டிதானே" என்று பால் பாயசம் குடித்தார். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போவதற்குள் முகம் வெளுத்து, ஜாக்கெட் நனைய வியர்த்து, நெஞ்சு படபடத்தது. மணமகள் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். முக்கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அன்றோடு பாயசத்தின் மீதிருந்த ஆசை போய்விட்டது. இதை நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. இனிப்புப் பித்து உள்ளவருக்கு இது காவல்காரன் மாதிரி. ஸ்லீவில் இந்தக் காவல் பெரிதாகக் கிடையாது. ஐஸ்கிரீம் என் குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

## மினி பைபாஸ்

அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997இல் தொடங்கியது. ஒரே ஓர் இணைப்பு, நேரம் மிச்சம். பிரான்சில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் இரண்டு வருட எடைக் குறைவு வழக்கமான பைபாஸுக்குச் சளைக்கவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் சத்துக் குறைபாடும் கூடுதலாக இருந்தன. பித்தநீர் பைக்குள் திரும்பும் வாய்ப்பும் உண்டு. பிஎம்ஐ 50க்கு அருகில், அசைவம் சாப்பிட்டுப் புரதத்தைச் சமாளிக்கக்கூடியவர்களுக்கு இது பொருந்தலாம். நெஞ்செரிச்சலுக்காக பைபாஸ் தேடுபவர் இதை 'அதேதான், சின்னது' என்று நினைத்துவிட வேண்டாம்.

## ஊசி

எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தபின், பாதி போன்கள் இதைப் பற்றித்தான். குடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் மருந்து, வாரம் ஒரு ஊசி. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடில் 68 வாரத்தில் மொத்த எடையில் சராசரி 15 சதவீதமும், மவுஞ்சாரோவின் டிர்செபடைடில், மிக அதிக டோஸில், 72 வாரத்தில் ஏறக்குறைய 21 சதவீதமும் குறைந்தது. சுகர் உள்ளவர்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை, கசிவு பயம் இல்லை.

மறைவிலை, நிறுத்த முடியாதது. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. பணத்தையும் போட்டுப் பாருங்கள்: மவுஞ்சாரோ 5 மி.கி. அறிமுக விலை ஒரு குப்பி 4,375 ரூபாய். வருடத்துக்கு 52 குப்பி, இரண்டேகால் லட்சத்துக்கு மேல். இரண்டு வருடத்தில் ஓர் ஆபரேஷன் பில். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச்தான் கடைசி என்பதால் அதன் விலைக் கணக்கு மட்டும் மாறக்கூடியது. எடை குறையும்போது தசையும் சேர்ந்து போகும் என்பது ஆபரேஷனுக்கும் பொருந்தும். ஊசி போடுபவர்களுக்கு அதைச் சொல்ல டயட்டீஷியன் பக்கத்தில் இருப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

## பணமும் அந்த முந்நூற்றைம்பது கிராமும்

இன்சூரன்ஸ் பாலிசிகளில் எழுதியிருக்கும் நிபந்தனை இது: பிஎம்ஐ 40 வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத டைப் 2 சுகர், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்ற ஒன்று வேண்டும். 172 செ.மீ. உயரத்துக்கு 118 கிலோ என்றால் 39.9. எனக்கு இருந்தது மூட்டுவலியும் கொழுப்பு ஈரலும். அவை பட்டியலில் இல்லை. இன்னும் முந்நூற்றைம்பது கிராம் இருந்திருந்தால் பணம் வந்திருக்கும். எடை குறைவாக இருந்ததற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5இலிருந்தே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் சொல்லியிருக்கின்றன. மருத்துவர் "தகுதி உண்டு" என்பதும் இன்சூரன்ஸ் "உண்டு" என்பதும் வேறு வேறு. காத்திருப்புக் காலத்தையும் பாலிசியில் படித்துவிடுங்கள்.

பில்லில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ்கள் தனி வரியாக வரும். எத்தனை என்று முன்பே கேளுங்கள், 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்குள் அது அடங்குகிறதா என்றும். அதன்பின் புரதப் பவுடர், சத்து மாத்திரை, வருட ரத்தப் பரிசோதனை. ஒரு வருடத்தில் சட்டை பேன்ட் இரண்டு முறை மாறும். இதை எந்த பேக்கேஜும் சொல்லாது.

## யார் எந்தப் பக்கம்

நெஞ்செரிச்சல் இருந்தாலோ, எண்டோஸ்கோபியில் புண் தெரிந்தாலோ பைபாஸ். இன்சுலின் வரை போன சுகருக்கும் அதுவே, மாத்திரையை மறக்காத ஆளாக இருந்தால். மாத்திரை ஒழுக்கம் இல்லை, வலி மாத்திரையை விட முடியாது, நெஞ்செரிச்சல் சுத்தமாக இல்லை என்றால் ஸ்லீவ். பிஎம்ஐ முப்பதை ஒட்டி இருந்தால், அல்லது இதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்றால், ஊசியில் தொடங்கலாம். குழந்தை பெறும் திட்டம் உள்ள பெண்கள் எந்த ஆபரேஷனானாலும் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் பேசுங்கள்.

ஸ்லீவைப் பின்னாளில் பைபாஸாக மாற்ற முடியும். நெஞ்செரிச்சல் தாங்காமல் அப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர். போன மாத எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் எனக்கும் புண் வந்துவிட்டது. அறுவை மருத்துவர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். ரிப்போர்ட்டோடு சித்தி வீட்டுக்குப் போனேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து திங்கள், செவ்வாய் என்று நாள் எழுதிய தன் மாத்திரை டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார். "இதே மாதிரி ஒன்று வாங்கி மூன்று மாதம் தவறாமல் காலி செய்துகாட்டு. அப்புறம் நாள் குறிக்கலாம்." இன்று வியாழக்கிழமை. புதன்கிழமைக் குழியில் இரும்பு மாத்திரை அப்படியே இருக்கிறது.